சுவரும் வாசலும்: செல்லைத் திறந்து பார்க்கும் கிளேட்டன்

கிளேட்டன் என்றதும் மெல்பர்ன் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது மோனாஷ் பல்கலைக்கழகம். பிள்ளையை அங்கே படிக்க அனுப்பிவிட்டு மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கைப்பேசியும் கையுமாக இருக்கும் பெற்றோருக்கும் அந்தப் பெயர் பழக்கம்தான். நகர மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 19 கிலோமீட்டர். ரயிலை விட்டு இறங்கினால் இந்திய மளிகைக் கடைகளும் சீன உணவகங்களுமாக நீளும் கிளேட்டன் சாலை. பார்த்தால் மெல்பர்னின் இன்னொரு புறநகர், அவ்வளவுதான்.

ஆனால் மனித உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகான செல் எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்ற கேள்விக்கு உலகம் இன்று வைத்திருக்கும் பதில்களில் சில இங்கிருந்து போனவை.

அதற்கான கருவிகளும் இங்கேயே இருக்கின்றன. பிளாக்பர்ன் சாலையில் வட்டக் கூரையோடு நிற்கும் கட்டடம் ஆஸ்திரேலிய சிங்க்ரோட்ரான். 2007-ல் திறக்கப்பட்டது. உள்ளே 216 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும் இடங்களில் மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர்கள் தெறிக்கின்றன. அந்தக் கதிரைப் புரதப் படிகத்தின் மீது பாய்ச்சினால், புரதத்தில் எந்த அணு எங்கே இருக்கிறது என்பது வரை கணக்கிட்டுவிடலாம். பல்கலைக்கழக வளாகத்துக்குள் 2015-ல் திறக்கப்பட்ட ரமச்சோட்டி மையத்தில் டைட்டன் கிரியோஸ் என்ற கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி நிற்கிறது. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். நொடிக்கும் குறைவான நேரத்தில் உறையவைத்த மூலக்கூறுகளை அது படம் பிடிக்கிறது.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் செல் என்றால் ஒரு வட்டம், நடுவில் உட்கரு, சுற்றிலும் பெயர் எழுதிய நாலைந்து உறுப்புகள். பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கியதோடு பலருக்கு அந்த உறவு முடிந்துவிடும். கிளேட்டனில் நடந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் படத்தில் வேறொன்று கண்ணில் படுகிறது. செல்லின் கதை அதன் பாகங்களில் இருப்பதைவிட, பாகங்களைப் பிரிக்கும் சுவர்களிலும் அந்தச் சுவர்களில் உள்ள வாசல்களிலும் அதிகம் இருக்கிறது. யார் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம், எப்போது? உயிர் வாழ்வது, நோய்ப்படுவது, மருந்து வேலை செய்வது எல்லாமே பெரும்பாலும் இந்தக் கேள்வியில் போய் நிற்கின்றன.

ஐந்து நானோமீட்டர் எல்லை

செல்லின் வெளிச்சுவர் கொழுப்பால் ஆனது. பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, வால்களை உள்பக்கம் மறைத்து, தலைகளை நீர் இருக்கும் பக்கம் நீட்டி நிற்கின்றன. இந்தச் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இதைப் பத்தாயிரம் அடுக்குகளுக்கு மேல் அடுக்கலாம். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கேட்காமலே கடந்து போகும். உப்பு, சர்க்கரை, புரதம் எதுவும் அப்படிக் கடக்க முடியாது. அவற்றுக்கென்று புரதத்தால் ஆன வாசல்கள் உண்டு.

சில வாசல்கள் ஓயாமல் உழைப்பவை. சோடியம் பொட்டாசியம் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ 1957-ல் கண்டுபிடித்த இந்தப் பம்ப் நின்றால் நரம்பில் செய்தி ஓடாது, இதயம் துடிக்காது. வேறு சில வாசல்கள் சொன்னால்தான் வந்து சேரும். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் தசை செல்லுக்குத் தகவல் கொடுத்தால், உள்ளே பதுங்கியிருக்கும் குளூட்-4 என்ற வாசல் மேற்பரப்புக்கு வருகிறது. ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் உள்ளே போகிறது. வீட்டுக்கு ஒருவர் மாத்திரை போடும் இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலின் சொல்வதைத் தசை செல் சரிவரக் கேட்பதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

இன்னொரு வாசல், இரண்டு பேர் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். குடல் செல்லில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்தபடி நுழைகின்றன என்று 1960-ல் ராபர்ட் கிரேன் சொன்னார். காலரா வந்தவரின் குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருந்தாலும் இந்த ஒரு வாசல் பழுதாவதில்லை. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். அங்கே இறப்பு விகிதம் சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வாசலை நம்பித்தான் இருக்கிறது.

பனியிடமிருந்து தப்பிய எட்டு செல்கள்

இந்தச் சவ்வு எவ்வளவு மெல்லியது என்பதை மோனாஷ் ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் கண்ணெதிரே சந்தித்தார்கள். கார்ல் வுட், ஆலன் டிரவுன்சன் ஆகியோரின் குழு சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் உலகின் முன்வரிசையில் இருந்த காலம் அது. ஒரே சுழற்சியில் பல கருமுட்டைகள் கிடைத்தன. எல்லாக் கருக்களையும் ஒரே நேரத்தில் கருப்பையில் வைக்க முடியாது. மீதியை உறையவைத்துப் பாதுகாக்கலாம் என்றால், செல்லுக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாகி சவ்வைக் கிழித்துவிடும்.

நீரை முதலில் வெளியே வரவைப்பதுதான் வழி. டைமெத்தில் சல்பாக்சைடு என்ற வேதிப்பொருளில் கருவை ஊறவைத்து, வெப்பத்தை மிக மெதுவாகக் குறைத்தால், நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சவ்வைக் கடந்து வெளியேறுகிறது. உள்ளே படிகம் உருவாக இடமில்லை. எட்டு செல் கருவை இப்படி உறையவைத்து, மீட்டு, கருத்தரிக்கவைத்ததை டிரவுன்சனும் லிண்டா மோரும் 1983-ல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அந்தக் கர்ப்பம் பிரசவம் வரை நிலைக்கவில்லை. 1984-ல் மெல்பர்னில் பிறந்த பெண் குழந்தையே உறைகருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்று உலகம் பதிவு செய்துகொண்டது.

அந்தப் பதிவுக்கு ஒரு கல்கத்தா மறுப்பு உண்டு. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் 1978 அக்டோபரில் பிறந்த குழந்தையைப் பற்றி அறிவித்தபோது, கருவை உறையவைத்து மீட்டதாகவே சொன்னார். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அதை நம்பவில்லை. 1981-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்த விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார் 1997-ல் அந்தச் சாதனையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். கல்கத்தா மருத்துவரின் முறையிலும் டைமெத்தில் சல்பாக்சைடுதான் இருந்தது.

துளை போடும் புரதம்

சுவரைக் காப்பது ஒரு பக்கம். மறுபக்கம், சில சமயம் சுவரை உடைக்கவும் வேண்டும். வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுநோயாக மாறும் செல்லையும் உடலே கொல்லத்தான் வேண்டும். அந்தப் பொறுப்பு ரத்தத்தில் சுற்றும் கொல்லி டி செல்களுக்கும் இயற்கைக் கொல்லி செல்களுக்கும் உரியது. அவற்றின் ஆயுதம் பெர்ஃபோரின்.

இந்தப் புரதம் 1980-களிலேயே தெரிந்திருந்தது. அது எப்படித் துளை போடுகிறது என்பது தெரியவில்லை. மோனாஷின் ஜேம்ஸ் விஸ்டாக், ரூபி லா ஆகியோரும் மெல்பர்ன் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்தின் ஜோசப் டிரபானி குழுவும் லண்டனின் ஹெலன் சைபில் குழுவும் சேர்ந்து 2010-ல் நேச்சரில் விடை தந்தார்கள். ஒற்றைப் பெர்ஃபோரினின் வடிவம் சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிரில் கிடைத்தது; துளையின் வடிவம் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கிடைத்தது.

கொல்லி செல் இலக்கோடு ஒட்டிக்கொண்டதும் இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் பெர்ஃபோரினைக் கொட்டுகிறது. அங்கே கால்சியம் இருக்கிறது. கால்சியம் பட்டதும் பெர்ஃபோரினின் கால் இலக்கின் சவ்வில் ஒட்டுகிறது. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் அவை வளையமாகச் சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் சுருண்டு கிடந்த பகுதி நிமிர்ந்து, சவ்வைத் துளைத்து மறுபக்கம் போகிறது. இப்போது சுவரில் ஒரு வட்டத் துளை. அதன் வழியே கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே நுழைந்து, செல்லைத் தானாகவே சாகவைக்கின்றன.

விஸ்டாக் குழு 2007-லேயே இன்னொன்றைக் கண்டிருந்தது. பெர்ஃபோரின் குடும்பத்தின் மடிப்பு, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் நம் செல்களைத் தாக்கப் பயன்படுத்தும் நச்சுகளின் மடிப்பை ஒத்திருந்தது. தாக்குபவரும் காப்பவரும் ஒரே வார்ப்பு ஆயுதத்தைத்தான் ஏந்துகிறார்கள்.

சரி, கொட்டும்போது கொல்லி செல்லுக்கே துளை விழாதா? மெல்பர்ன், லண்டன் ஆய்வாளர்கள் 2019-ல் இதற்கு விளக்கம் தந்தார்கள். கொல்லி செல்லின் சவ்வில், இலக்கோடு ஒட்டும் இடத்தில், லிப்பிட்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. பெர்ஃபோரின் அங்கே சரியாகப் பதிவதில்லை. தப்பிப் பதிந்தாலும் அங்குள்ள ஒரு வகை லிப்பிட் அதைச் செயலற்றதாக்குகிறது. பெர்ஃபோரின் மரபணுவில் பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பு அமைப்பு கட்டுக்கடங்காமல் எரியும் ஓர் அரிய நோய் வருகிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுதான் அதற்கு உறுதியான சிகிச்சை.

கங்காரு வாலும் கிண்டியும்

சிங்க்ரோட்ரானிலிருந்து கிடைக்கும் ஒரு புரத வடிவம் சரிதானா என்று எப்படித் தெரியும்? கிளேட்டனில் இருந்தாலும் கேம்பிரிட்ஜில் இருந்தாலும் ஆய்வாளர்கள் அதை ஒரு வரைபடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அந்த வரைபடம் சென்னையில் பிறந்தது.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது ஜி.என். ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜனின் வடிவம் இன்னும் தீராத புதிர் என்று சொல்லிவிட்டுப் போனார். செல்கள் உள்ளே தயாரித்து, வெளியே அனுப்பி, தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் புரதம் அது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் பல மாதிரிகளைப் பார்த்தார்கள். தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் தந்தது கங்காரு வாலின் தசைநாண். ஆஸ்திரேலிய விலங்கின் வாலை வைத்துக் கிண்டியில் அவிழ்த்த முடிச்சுதான் 1954, 1955-ல் நேச்சரில் வந்த மும்முறுக்கு வடிவம். மூன்று இழைகள் பின்னிக் கிடக்க, ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடத்தில் எப்போதும் கிளைசின் இருக்கும். நடுவில் உள்ள இடுக்கில் மிகச் சிறிய அமினோ அமிலமான அதைத் தவிர வேறெதுவும் அடங்காது.

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருக்கின்றன என்று ஃபிரான்சிஸ் கிரிக் தரப்பிலிருந்து விமர்சனம் வந்தது. எவ்வளவு நெருக்கம் வரை அனுமதிக்கலாம் என்று ராமச்சந்திரன் முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட அந்தக் கணக்குதான் ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்பதை ஒரே சதுரத்தில் காட்டுகிறது. இன்றும் ஒரு புதிய புரத வடிவம் வெளியாகும்போது அதன் எத்தனை சதவீதம் அந்த அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் விழுகிறது என்று கூடவே சொல்லியாக வேண்டும்.

உள்வீட்டில் ஒரு பழைய விருந்தாளி

வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே போனால் மேலும் சுவர்கள். உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். அதற்குச் சொந்த டி.என்.ஏ.வும் உண்டு, மனிதரில் 16,569 எழுத்துகள், தாய் வழியாக மட்டும் வருவது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்ட பாக்டீரியாதான் இது என்று லின் மார்குலிஸ் 1967-ல் வாதிட்டபோது பலர் சிரித்தார்கள். இன்று அது பாடம்.

வந்த விருந்தாளி தன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை உட்கருவிடம் ஒப்படைத்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13-ஐ மட்டுமே அது தானே தயாரிக்கிறது. மற்றவை வெளியில் தயாராகி வாசல் வழியாக உள்ளே வரவேண்டும். அந்த வாசல்களை ஆராய்ந்துவரும் மோனாஷ் விஞ்ஞானிகளில் முக்கியமானவர் டிரெவர் லித்கோ. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் புரதங்களைப் பொருத்தும் அமைப்புக்கும் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் அதே வேலையைச் செய்யும் அமைப்புக்கும் உள்ள உறவு, அந்தப் பழைய குடிபெயர்வுக்குச் சாட்சி.

சவ்வு உடையும்போது என்ன ஆகிறது என்பதை மோனாஷின் பெஞ்சமின் கைல் குழு 2018-ல் சயின்ஸ் இதழில் காட்டியது. கருவில் விரல்களுக்கு நடுவே உள்ள சதை மறைந்து விரல்கள் பிரிவதுபோல, செல்கள் திட்டமிட்டுச் சாகும் நிகழ்வு ஒன்று உண்டு. அப்போது பேக், பேக்ஸ் என்ற இரு புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை போடுகின்றன. அந்தத் துளை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக விரிவதை ஆய்வாளர்கள் உயிருள்ள செல்லில் நேரடியாகப் பார்த்தார்கள். உள்சவ்வு அதன் வழியே பலூன் போலப் பிதுங்கியது. பிறகு அதன் டி.என்.ஏ.யும் வெளியே வந்தது. இடம் மாறிக் கிடக்கும் டி.என்.ஏ.யைப் பார்த்தால் செல் அதை வைரஸ் என்று நினைத்து எச்சரிக்கை எழுப்பும். சாகும் செல் வழக்கமாக அந்த எச்சரிக்கை ஒலிப்பதற்குள் தன்னை அழித்துக்கொள்கிறது. அது தவறினால் அழற்சி.

இந்தத் துளையைத் தடுக்கும் புரதம் பிசிஎல்-2. செல்லைச் சாகவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை என்று 1988-ல் கண்டறிந்ததும் மெல்பர்ன்தான்; டேவிட் வோ, சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோரின் ஆய்வு. சில ரத்தப் புற்றுநோய்கள் சாகாமல் நீடிப்பது இதனால்தான். பிசிஎல்-2-ஐ முடக்கும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

உட்கருவும் ஒரு தடுப்பூசித் தொழிற்சாலையும்

ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் வரும் டி.என்.ஏ. மடிந்து கிடக்கிறது. உட்கருவுக்கும் இரட்டைச் சவ்வு. அதில் ஆயிரக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றிலும் கடுமையான சோதனை. டி.என்.ஏ. வெளியே வருவதில்லை. அதன் நகலான தூது ஆர்.என்.ஏ. மட்டும் வெளியே வந்து ரைபோசோமிடம் சேர்கிறது. ரைபோசோம் அதைப் படித்துப் புரதமாக்குகிறது. இந்த ரைபோசோமின் சிறிய பாதியின் அணு வடிவத்தை 2000-ல் வெளியிட்டவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். பாக்டீரியாவின் ரைபோசோமும் நம்முடையதும் சற்றே வேறுபடுவதால்தான் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கிருமியை அடக்கி நம்மை விட்டுவைக்கின்றன.

2024 டிசம்பரில் கிளேட்டன் வளாகத்தில் மாடெர்னா நிறுவனத்தின் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்துக் கோடி டோஸ் வரை தயாரிக்கும் திறன் கொண்டது. அங்கே உருவாவது கொழுப்பு உறைக்குள் வைத்த ஒரு செய்தி. செல்லின் சவ்வும் கொழுப்பு, உறையும் கொழுப்பு. அதனால்தான் செய்தியால் சவ்வைக் கடக்க முடிகிறது. உள்ளே போனதும் ரைபோசோம் அதைப் படித்து, வைரஸ் புரதம் ஒன்றைச் செய்து, எதிர்ப்பு அமைப்புக்கு அடையாளம் காட்டுகிறது. சில நாட்களில் செய்தி சிதைந்துவிடும். கோவிட் காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய, தடுப்பூசி டி.என்.ஏ.வை மாற்றிவிடும் என்ற பயத்துக்கு இந்த அமைப்பிலேயே பதில் இருக்கிறது: அதன் வேலை முழுக்க உட்கருவின் சுவருக்கு வெளியே முடிந்துவிடுகிறது.

தோலிலிருந்து ஒரு கரு மாதிரி

ஒரே டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு ஒன்று தோல் செல்லாகவும் இன்னொன்று நரம்பு செல்லாகவும் இருப்பது, எந்த மரபணுக்கள் வாசிக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. எல்லாமாகவும் மாறக்கூடிய செல்களை மனிதக் கருவிலிருந்து முதலில் வளர்த்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன், 1998-ல். இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய அரிஃப் பொங்சோவும் மோனாஷின் டிரவுன்சன், மார்ட்டின் பெரா, பெஞ்சமின் ரூபினாஃப் ஆகியோரும் சேர்ந்து 2000-ல் அத்தகைய செல்களை வளர்த்து, நரம்பு செல்களாக மாற்றிக் காட்டினார்கள். ஆனால் அதற்குக் கரு தேவைப்பட்டது.

ஜப்பானின் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு தோல் செல்லைப் பின்னோக்கி நடத்தலாம் என்று காட்டிய பிறகு நிலைமை மாறியது. மோனாஷின் ஹோசே போலோ குழு அந்தப் பாதையில் பாதி வழியில் நிற்கும் தோல் செல்களைக் கூர்ந்து பார்த்தது. ஐந்தாறு நாள் கருவில் இருக்கும் மூவகைச் செல்களைப் போன்றவை அந்தக் கலவையில் இருந்தன. அவற்றை முப்பரிமாணக் குழிகளில் விட்டபோது, தாமாகவே கூடி, உள்ளே குழி கொண்ட ஒரு பந்தாகின. கருமுட்டையோ விந்தணுவோ இல்லாமல் வந்த அந்தக் கரு மாதிரிக்கு ஐபிளாஸ்டாய்டு என்று பெயரிட்டு, 2021 மார்ச்சில் நேச்சரில் வெளியிட்டார்கள். உண்மையான கருவைச் சுற்றியிருக்கும் உறை அதற்கு இல்லை. முழுக் குழந்தையாக வளரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கரு கருப்பையில் ஒட்டும் நாட்களில் என்ன நடக்கிறது, தொடக்கத்திலேயே கர்ப்பம் கலைவது ஏன் என்று ஆராய அது உதவும் என்பதே குழுவின் நோக்கம்.

ஆஸ்திரேலியச் சட்டத்தின் கண்ணில் அது என்ன? மனிதக் கரு ஆராய்ச்சியைக் கட்டுப்படுத்தும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்கும் குழு, ஐபிளாஸ்டாய்டும் அந்தச் சட்டம் சொல்லும் மனிதக் கரு என்ற வரையறைக்குள் வருகிறது என்று தீர்மானித்தது. பல நாடுகளில் ஆய்வுக்கூட மாதிரி என்று மட்டும் பார்க்கப்படுவதை, முதலில் உருவாக்கிய நாட்டிலேயே இப்போது உரிமம் இல்லாமல் உருவாக்க முடியாது.